வான் கூலிக் கண்டெடுத்த நீதிபதி

வழக்குமன்றக் கதை என்றதும் நம்மில் பலருக்குப் பெர்ரி மேஸன் நினைவுக்கு வருவார். கூண்டில் நிற்பவன் குற்றமற்றவன். சாட்சிகளெல்லாம் அவனுக்கு எதிராகவே பேசுகிறார்கள். கடைசி நாளில் மேஸன் எழுந்து நாலைந்து கேள்விகள் கேட்கிறார். உண்மைக் கொலைகாரன் மன்றத்திலேயே கலங்கிப் போகிறான். இந்த நாவல்களை எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் தாமே வக்கீலாகத் தொழில் செய்தவர். ஆகையால் அவர் எழுதிய குறுக்கு விசாரணைகளில் உயிர் இருக்கும்.

எங்கள் விடுதியில் சட்டம் பயிலும் நண்பர் ஒருவர் இந்நாவல்களைக் கரைத்துக் குடித்தவர். சென்ற ஆண்டு அவர் எனக்கு ஒரு வேலை வைத்தார். மர்மமும் வேண்டும், வழக்கும் மன்றமும் வேண்டும், ஆனால் கதை நடக்கும் காலம் பழங்காலமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு நாவலைத் தேடித் தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. எனக்கோ பாடம் இரசாயனம். ஆயினும் பழைய புத்தகங்களைக் கிளறுவதில் எனக்கு ஓர் ஆசை உண்டு என்பது அவருக்குத் தெரியும். தில்லியின் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையில் இரண்டு மூன்று வாரம் அலைந்தேன். முடிவில் அட்டை கிழிந்த ஆங்கில நாவல் ஒன்று கைக்கு வந்தது. ‘சீன ஆணிக் கொலைகள்’ என்பது அதன் பெயர். உள்ளே பழைய சீனப் பாணியில் கோட்டுச் சித்திரங்கள் இருந்தன.

நண்பர் கேட்ட மூன்றும் அதில் இருந்தன. வக்கீல்தான் இல்லை! பழைய சீன நீதிமன்றத்தில் வக்கீல் என்பவருக்கு இடமே கிடையாது. அது தெரிந்ததும் நண்பர் நாவலைப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். தம் தொழிலுக்கே இடமில்லாத ஊரில் அவருக்கு என்ன வேலை? நான் அதை ஒரே இரவில் முடித்தேன். பிறகு அதன் ஆசிரியர் யார் என்று தேடத் தொடங்கினேன். அவர் ஒரு டச்சுக்காரர், வடமொழியும் சீனமும் கற்ற பேரறிஞர், தூதுவர், இரண்டு ஆண்டுகள் இதே தில்லியில் பணியாற்றியவர். அவருடைய வாழ்க்கையை நம் மலரின் அன்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ராபர்ட் ஹான்ஸ் வான் கூலிக் 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9ஆம் நாள் ஹாலந்து நாட்டில் சுட்ஃபென் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த டச்சுப் படையில் மருத்துவர். ஆகையால் மகனின் இளமைப் பருவம் ஜாவாவில் கழிந்தது. இன்று இந்தோனேசியா என்று நாம் அழைக்கும் நாடு அன்று டச்சு ஆட்சியில் இருந்தது. இராமாயணமும் பாரதமும் நிழற்பாவைக் கூத்தாக ஆடப்படும் மண் அது. மலாயும் ஜாவா மொழியும் சிறுவனின் காதில் நாள்தோறும் விழுந்தன. சீன மொழியின் முதற்பாடத்தையும் அவர் அங்கேயே கற்றுக்கொண்டார். ஆட்சி செய்யும் இனத்தில் பிறந்த பிள்ளை, ஆளப்படும் மக்களின் மொழிகளில் மனத்தைப் பறிகொடுத்தது அக்காலத்தில் எளிதில் காணக்கூடிய காட்சி அன்று.

பன்னிரண்டாம் வயதிற்குப் பிறகு குடும்பம் தாய்நாடு திரும்பியது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே ஊலன்பெக் என்னும் புகழ்பெற்ற மொழியியல் பேராசிரியரின் நட்பு இவருக்குக் கிடைத்தது. அவரிடம் வடமொழி கற்றார். வட அமெரிக்கப் பழங்குடியினர் பேசும் பிளாக்ஃபுட் மொழிக்கு அப்பேராசிரியர் அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார். அதில் மாணவரும் உடன் உழைத்தார். 1930இல் முதல் தொகுதி வந்தபோது ஆசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் மாணவரின் பெயரும் அச்சேறியிருந்தது. அப்போது மாணவருக்கு வயது இருபது!

பிறகு லெய்டன் பல்கலைக்கழகத்தில் சீனமும் ஜப்பானிய மொழியும் பயின்றார். கிழக்கிந்தியத் தீவுகளுக்குரிய சட்டத்தையும் கற்றார். 1932இல் காளிதாசரின் விக்கிரமோர்வசீய நாடகத்தை டச்சு மொழியில் பெயர்த்து வெளியிட்டார். 1935இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்த பொருள் நமக்கு மிகவும் வேண்டியது. திருவகீந்திரபுரத்து மலைமேல் நாம் வணங்கும் பரிமுகக் கடவுளாகிய ஹயக்ரீவர், பௌத்த சமயத்தின் வழியாகச் சீனத்திற்கும் ஜப்பானுக்கும் சென்று அங்கே எவ்வுருவம் கொண்டார் என்பதே அந்த ஆராய்ச்சி. பட்டம் வாங்கிய அதே ஆண்டில் அயல்நாட்டு அலுவலில் சேர்ந்தார். டோக்கியோ நகரத்து டச்சுத் தூதரகத்துக்கு அனுப்பப்பட்டார்.

தூதரக அலுவல் அவருக்குச் சோறு போட்டது. ஓய்வு நேரமெல்லாம் கல்விக்கே போயிற்று. சீனரின் ஏழு நரம்பு யாழை வாசிக்கக் கற்று, அதைப் பற்றி 1940இல் ஒரு நூலே எழுதினார். தூரிகை பிடித்துச் சீன எழுத்துகளை அழகாக எழுதுவதிலும், பழைய ஓவியங்களின் உண்மையும் போலியும் காண்பதிலும் தேர்ச்சி பெற்றார். உலகப் போர் ஜப்பானைத் தொட்டபோது, 1942இல் மற்றத் தூதரக அலுவலர்களுடன் அவரும் அந்நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மறுஆண்டு, போர்க்காலத்துச் சீனத்தின் தலைநகராகிய சுங்கிங் நகரில் அவருக்கு வேலை. அங்கே ஷுயி ஷிஃபாங் என்னும் சீனப் பெண்மணியை மணந்தார். நான்கு குழந்தைகள் பிறந்தனர். சீனம் அவருக்குப் படிப்பாக மட்டும் இருந்தது போய், வீடாகவும் ஆயிற்று.

இந்தப் போர்க்காலத்தில்தான் நம் கதைக்குரிய நிகழ்ச்சி நடந்தது. பெரிய ஆராய்ச்சிகளுக்கு அவகாசம் இல்லாத அந்நாட்களில், பெயர் தெரியாத ஒருவர் எழுதிய பழைய சீன நாவல் ஒன்றை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து வந்தார். பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது அந்நாவல். டி ரென்ஜியே என்னும் நீதிபதி துப்பறிந்து தீர்த்த மூன்று வழக்குகள் அதில் ஒன்றோடொன்று பின்னி வருகின்றன. ஆங்கிலத்தில் இவரை ‘ஜட்ஜ் டீ’ என்பார்கள். (இதைச் சொன்னதும் எங்கள் அறையில் எல்லாரும் தேநீரை நினைத்துச் சிரித்துவிட்டார்கள். நீங்களும் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.)

சீனத்தில் வழக்குக் கதைகள் பல நூற்றாண்டுகளாக உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குற்றவாளி யார் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடும். ஆவிகளும் தெய்வங்களும் வந்து சாட்சி சொல்லும். இந்த நாவலோ இறுதிவரை முடிச்சை அவிழ்க்காமல் வைத்திருந்தது. மனித அறிவையே பெரிதும் நம்பியது. இதைக் கண்டுதான் வான் கூலிக் வியந்தார்.

இங்கே பழைய சீனத்து நீதிமுறையைச் சிறிது சொல்ல வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு ஒரே அதிகாரி. வரி வாங்குபவரும் அவர். குற்றத்தைத் துப்பறிபவரும் அவர். விசாரித்துத் தீர்ப்புக் கூறுபவரும் அவரே. வாதியும் பிரதிவாதியும் அவர் முன்னிலையில் மண்டியிட வேண்டும். மன்றத்தின் கதவு ஊராருக்குத் திறந்தே இருக்கும். குற்றவாளி தன் வாயால் குற்றத்தை ஒப்புக்கொண்டாலன்றிப் பெரிய தண்டனை விதிப்பது அரிது. இந்த விதி நல்ல விதி போலத் தோன்றும். ஆனால் ஒப்புதலை வருவிப்பதற்கு அடிக்கவும் வதைக்கவும் சட்டம் இடம் கொடுத்தது. வான் கூலிக் இதை மறைக்கவில்லை. படிக்கும்போது நம் நெஞ்சு பதறத்தான் செய்கிறது. அவர் கண்டெடுத்த பொருளில் இது ஒரு கறை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருந்தது. பொய்க் குற்றம் சாட்டியவன், தான் சாட்டிய குற்றத்துக்குரிய தண்டனையைத் தானே ஏற்க வேண்டும். நீதிபதிக்கும் தப்பில்லை. வேண்டுமென்றே ஒருவனுக்கு அநீதியாகத் தண்டனை விதித்தால், அந்தத் தண்டனை நீதிபதியின் தலையில் விழும். அறியாமல் பிழை செய்தாலும் குறைந்த அளவில் தண்டனை உண்டு. உயர்ந்த பீடத்தில் அமர்ந்திருப்பவர் கத்தியின் நிழலிலும் அமர்ந்திருந்தார் என்று சொல்லலாம்.

அந்த நாவலில் வரும் ஒரு வழக்கு இதை நன்றாக விளக்கும். ஓர் இளம் விதவையின் மேல் நீதிபதிக்கு ஐயம் பிறக்கிறது. கணவன் நோயால் இறந்தான் என்று அவள் சொல்கிறாள். இறந்தவனின் சிறு மகள் ஊமையாகிவிட்டாள். கொலைதான் என்று உறுதியாக நம்பிய நீதிபதி புதைகுழியைத் திறக்கச் செய்கிறார். தக்க காரணமின்றிப் புதைகுழியைத் திறப்பது அந்நாட்டில் பெருங்குற்றம். பிணத்தைச் சோதித்தவர், காயமோ நஞ்சின் அடையாளமோ ஒன்றுமில்லை என்று அறிவிக்கிறார். ஊர் கூடி நிற்கிறது; விதவை ஏளனம் செய்கிறாள். நீதிபதி தம் பிழையைத் தாமே ஒப்புக்கொண்டு, வரும் தண்டனைக்குத் தலைகுனியத் தயாராகிறார். ஆனால் விசாரணையை மட்டும் விடவில்லை. நெடுநாள் கழித்தே உண்மை வெளியாகிறது. உச்சந்தலையில் அடிக்கப்பட்ட ஆணி ஒன்று கூந்தலுக்குள் மறைந்து கிடந்தது! இந்த ஆணியையே பிற்காலத்தில் தம் சொந்த நாவல் ஒன்றிலும் வான் கூலிக் எடுத்தாண்டார். என் கைக்கு வந்த நாவல் அதுதான்.

டி ரென்ஜியே வெறும் கற்பனை அல்லர். கி.பி. 630இல் பிறந்து 700இல் மறைந்த உண்மை மனிதர்; தாங் பேரரசின் புகழ்பெற்ற அமைச்சர். தலைமை நீதிமன்றத்தில் அலுவலராக இருந்தபோது, தேங்கிக் கிடந்த வழக்குகளில் 17,000 பேருடைய விவகாரங்களை ஓராண்டில் தீர்த்தார் என்றும், அநீதி நடந்தது என்று ஒருவரும் முறையிடவில்லை என்றும் சீன வரலாற்று நூல் கூறுகிறது. எண்ணிக்கையை நாம் சற்றுக் குறைத்துக்கொண்டாலும் புகழ் குறையாது.

676இல் நடந்த ஒரு வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. முன்னாள் பேரரசரின் கல்லறைத் தோட்டத்தில் இருந்த மரம் ஒன்றைப் படைத்தலைவர் இருவர் தவறுதலாக வெட்டிவிட்டனர். அப்போது ஆண்ட பேரரசர் அந்த முன்னாள் பேரரசரின் மகன். தந்தைக்கு நேர்ந்த அவமதிப்பு என்று சினந்து, இருவருக்கும் மரண தண்டனை விதித்தார். டி ரென்ஜியே எழுந்து, சட்டப்படி இக்குற்றத்துக்குப் பதவி நீக்கமே தண்டனை, மரணம் அன்று என்றார். அரசர் முகம் சிவந்தது. அருகில் இருந்தவர்கள் வெளியே போய்விடும்படி சைகை காட்டினர். அவர் போகவில்லை. ஒரு மரத்துக்காக இரண்டு தளபதிகளைக் கொன்ற மன்னர் என்று பிற்காலத்தவர் பேசுவார்களே என்று வாதாடினார். இறுதியில் அரசர் இறங்கி வந்தார். இருவரும் நாடு கடத்தப்பட்டு உயிர் பிழைத்தனர். வக்கீலே இல்லாத நாட்டில், அன்று ஒரு நீதிபதியே வக்கீலாக நின்றார்!

இதே மனிதர் பிற்காலத்தில் குற்றவாளியாகவும் நின்றார். பேரரசி வூ ஆட்சி செய்த காலத்தில், 692இல், அவர்மேல் இராஜத் துரோகக் குற்றம் பொய்யாகச் சாட்டப்பட்டது. மறுத்தால் சித்திரவதை நிச்சயம். ஆகையால் உடனே ஒப்புக்கொண்டார். காவல் சற்றுத் தளர்ந்ததும் போர்வையில் ஒரு துண்டைக் கிழித்து, அதில் முறையீடு எழுதி, பஞ்சு வைத்துத் தைத்த தம் மேலாடைக்குள் மறைத்து வீட்டுக்கு அனுப்பினார். மகன் அதைப் பேரரசியிடம் சேர்த்தான். உயிர் தப்பியது, பதவி போயிற்று. சிறிய மாவட்டம் ஒன்றுக்கு அதிகாரியாக அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அமைச்சரானார். வதைக்கு அஞ்சிச் சொல்லும் ஒப்புதல் எவ்வளவு மதிப்புடையது என்பதற்கு அந்த நீதிபதியின் வாழ்க்கையே சாட்சி. நாவல் சொல்லாததை வரலாறு சொல்லிவிட்டது.

வான் கூலிக்கின் மொழிபெயர்ப்பு 1949இல் டோக்கியோவில் அவருடைய சொந்த முயற்சியால் அச்சாயிற்று. அதை வெளியிட்டதற்கு அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. போருக்குப் பிறகு ஜப்பானிலும் சீனத்திலும் கடைகள் நிறைய மலிவான மேல்நாட்டுத் துப்பறியும் கதைகளின் மொழிபெயர்ப்புகள் குவிந்திருந்தன. உள்ளூர் எழுத்தாளர்களும் அவற்றையே பார்த்து எழுதினர். உங்கள் வீட்டுப் பெட்டகத்திலேயே இவற்றைவிட நல்ல சரக்கு இருக்கிறதே, அதை எடுத்து இக்காலத்துக்கு ஏற்பத் தரக்கூடாதா என்பது அவருடைய ஆதங்கம். யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் முன்வராதது கண்டு, எப்படி எழுதலாம் என்று காட்டுவதற்காகத் தாமே எழுதத் தொடங்கினார். ஆங்கிலத்தில் எழுதினாலும் சீன, ஜப்பானிய வாசகர்களே அவர் மனக்கண்முன் இருந்தனர். அவருடைய நாவல் முதலில் வெளிவந்தது ஜப்பானிய மொழியில்தான், ஆண்டு 1951. அதே நாவலைத் தம் கையாலேயே சீனத்தில் எழுதி 1953இல் சிங்கப்பூரில் வெளியிட்டார். ஆங்கிலப் பதிப்பு 1956இல்தான் வந்தது.

வழிகாட்டுவதற்காகத் தொடங்கிய வேலை வாழ்நாள் வேலையாயிற்று. நீதிபதி டீயைப் பற்றி அவர் எழுதிய புத்தகங்கள் பதினாறு. வழக்கின் கருவைப் பழைய சீன நூல்களிலிருந்தே பெரும்பாலும் எடுத்தார். எங்கிருந்து எடுத்தார் என்பதை நூலின் பின்னுரையில் நேர்மையாகச் சொன்னார். கதை நடக்கும் கற்பனை நகரத்துக்கு வரைபடம் தந்தார். சித்திரங்களையும் தாமே வரைந்தார். கதை ஏழாம் நூற்றாண்டில் நடந்தாலும் ஆடை அணிகளும் பழக்க வழக்கங்களும் பல நூற்றாண்டு பிந்திய மிங் காலத்தவை. பழைய சீன நாவலாசிரியர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்பது அவர் தந்த சமாதானம்.

1951 முதல் 1953 வரை அவர் புது தில்லியிலுள்ள டச்சுத் தூதரகத்தில் ஆலோசகராக இருந்தார். இளமையில் தொடங்கிய வடமொழி ஆர்வம் அவரை விடவில்லை. சீனரும் ஜப்பானியரும் வடமொழியையும் அதன் எழுத்தையும் கற்ற வரலாற்றை ‘சித்தம்’ என்ற நூலாக எழுதினார். அது 1956இல் நாகபுரியில் வெளியாயிற்று. கோடையில் புழுதிக் காற்று வீசும் இந்த நகரில் எந்தத் தெருவில் அவர் நடந்தாரோ! நாம் பேருந்துக்குக் காத்து நிற்கும் இடங்களில் அவரும் ஒருவேளை நின்றிருப்பார் என்று எண்ணும்போது ஏதோ ஒரு நெருக்கம் உண்டாகிறது.

அதே 1956இல் அவர் வெளியிட்ட இன்னொரு நூல்தான் அறிவியல் மாணவனாகிய என்னை உலுக்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சீன அதிகாரி, நீதிபதிகளுக்குக் கைநூலாக 144 வழக்குகளைத் தொகுத்தார். முற்காலத்தில் ஒரு பிரபு காட்டுப் பேரிமரத்தின் நிழலில் அமர்ந்து நீதி வழங்கினார் என்ற கதையை ஒட்டி, அம்மரத்தின் பெயரையே நூலுக்கும் வைத்தார். வான் கூலிக் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதில் ஒரு வழக்கு இது. ஒரு பெண், வீடு தீப்பற்றிக் கணவன் இறந்தான் என்கிறாள். கணவனைச் சேர்ந்தவர்கள் நம்பவில்லை. நீதிபதி இரண்டு பன்றிகளைக் கொண்டுவரச் செய்தார். ஒன்றைக் கொன்று, மற்றதை உயிரோடு விட்டு, இரண்டையும் விறகுக் குவியலில் எரிக்கச் செய்தார். உயிரோடு எரிந்த பன்றியின் வாயில் சாம்பல் இருந்தது; மூச்சு இழுத்தபோது உள்ளே போன சாம்பல். கொன்று எரித்ததன் வாயில் இல்லை. பிறகு பிணத்தின் வாயைத் திறந்து பார்த்தார்கள். சாம்பல் இல்லை. நெருப்புக்கு முன்பே அவன் இறந்துவிட்டான் என்பது தெரிந்தது. பெண் குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

அந்தப் பன்றியை நினைத்தால் இரக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முறையைப் பாருங்கள். ஐயத்துக்குரிய பொருளை மட்டும் சோதித்தால் போதாது. விடை தெரிந்த இரண்டு பொருள்களை அதே நிலையில் வைத்துச் சோதித்த பிறகே தெரியாததைத் தொட வேண்டும். ஒப்புச் சோதனை என்று நாங்கள் சோதனைச் சாலையில் சொல்வது இதுதான். இந்த வழக்கு நடந்ததாகச் சொல்லப்படுவது மூன்றாம் நூற்றாண்டில்! நானோ இந்த நூற்றாண்டில் இருந்துகொண்டு, சென்ற குளிர்காலத்தில், எதிர்பார்த்த விடை வந்த மகிழ்ச்சியில் ஒப்புச் சோதனை செய்யாமலே முடிவை எழுதிக் கொண்டுபோய்ப் பேராசிரியர் முன் நின்றேன். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. வெறுங்கரைசலின் அளவு எங்கே என்று மட்டும் கேட்டார். திரும்பி வந்து அளந்தேன். வெறுங்கரைசலும் அதே அளவைக் காட்டியது! மூன்று வார வேலை வீணாயிற்று. எனக்கு வீணானது மூன்று வாரம். அந்த நீதிபதி என்னைப்போல அவசரப்பட்டிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும். அன்றிரவு பேரிமரத்து நூலை மறுபடியும் எடுத்துப் படித்தேன்.

தில்லிக்குப் பின் வான் கூலிக் பெய்ரூத், கோலாலம்பூர் முதலிய இடங்களில் தம் நாட்டின் தூதராக இருந்தார். பெய்ரூத்தில் உள்நாட்டுக் கலவரத்தின் நடுவிலும் நாவல் எழுதினார். கோலாலம்பூரில் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்குகளை வீட்டிலேயே வளர்த்தார். சீன இலக்கியத்திலும் ஓவியத்திலும் அக்குரங்கு பெற்ற இடத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதனோடு அக்குரங்குகளின் குரலைப் பதிந்த இசைத்தட்டும் இணைக்கப்பட்டிருந்தது. 1965இல், முப்பது ஆண்டுகளுக்கு முன் இளம் அலுவலராகப் போய் இறங்கிய ஜப்பானுக்கே தூதுவராகச் சென்றார். ஆனால் புற்றுநோய் அவரைப் பற்றிக்கொண்டது. குரங்கு நூல் வெளியான 1967ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 24ஆம் நாள், ஹேக் நகரில் காலமானார். வயது 57தான். அவருடைய கடைசி நாவல் மறுஆண்டு வெளிவந்தது.

அவருடைய ஆதங்கத்தை நினைக்கும்போது நம் வீட்டையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களைத் தமிழ்நாட்டில் வீடுதோறும் கொண்டு சேர்த்தவர்கள். அந்தத் தொண்டு பெரிது. ஆனால் அவற்றில் பல ஆங்கில நாவல்களின் தழுவல்கள். நம்மிடமே சரக்கு இல்லையா? பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடக்கும் வழக்கை எண்ணிப் பாருங்கள். திருமணப் பந்தலில் புகுந்த முதியவர், மணமகனாகிய சுந்தரர் தமக்கு அடிமை என்கிறார். காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை வேறு இருக்கிறது என்கிறார் முதியவர். அவையோர் மூல ஓலையை வாங்கிப் பார்த்து, பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுச் சரி காண்கிறார்கள். கையெழுத்துச் சோதனை என்று இன்றைய மன்றங்களில் நடப்பது இதுவே அல்லவா?

சிலப்பதிகாரத்து வழக்கோ இன்னும் கொடியது. ஒரு பொற்கொல்லன் சொல்லை மட்டும் நம்பி, விசாரணையின்றிக் கோவலனுக்கு மரணம் விதிக்கப்பட்டது. கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. உடைந்த சிலம்பில் தெறித்ததோ மாணிக்கம். அந்தச் சோதனை ஒரு நாள் முன்னதாக நடந்திருந்தால்! தவறான தீர்ப்புக்கு நீதிபதியே விலை கொடுக்க வேண்டும் என்று சீனர் சட்டத்தில் எழுதி வைத்தனர். பாண்டியனோ யாரும் தண்டிப்பதற்கு முன்பே அரியணையிலிருந்து விழுந்து உயிர் விட்டான்.

தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையே ஒரு முனிசீப் என்பதையும், மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்தவர் அவர் என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். முதல் நாவலாசிரியரே நீதிபதியாக அமைந்த மொழியில், பழங்காலத்து வழக்குமன்ற நாவலுக்கு ஆங்கிலப் புத்தகச் சந்தைக்குத்தானா போக வேண்டும்? ஜாவாவில் வளர்ந்த ஒரு டச்சுக்காரர் சீனருக்குச் செய்து காட்டியதை, திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்து ஊர்களில் பிறந்த நம் மாணவர்கள் தமிழுக்குச் செய்ய முடியாதா? எனக்குச் சட்டம் தெரியாது. கதை எழுதவும் வராது. இரண்டும் கைவந்தவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு செய்தி. சென்ற வாரம் என் சட்ட நண்பர் அறைக்கு வந்து, அன்று பாதியில் விட்ட நாவலைத் தயக்கத்துடன் திருப்பிக் கேட்டு வாங்கிப் போனார். மரம் வெட்டிய தளபதிகளின் கதையை அவரிடம் சொன்னதன் விளைவு அது. அவர் முடித்த பிறகு யார் கேட்டாலும் தருகிறேன். அட்டை முன்பே கிழிந்ததுதான். உள்ளிருக்கும் பக்கங்களையாவது பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தால் போதும்.